சுகிர்தராணியின் இரண்டு நாள் லீவு

குளச்சலில் பிறந்து துபாயில் நர்ஸ் வேலை பார்த்த சுகிர்தராணிக்கு 2006 டிசம்பரில் கிடைத்தது இரண்டே நாள் லீவு. இதமான குளிரில் மலைப் பள்ளத்தாக்கில் பிக்கப் வண்டியிலேயே படுத்துத் தூங்கலாம் என்று ஆசை காட்டியவன் புருஷன் பத்திநாதன். வண்டியை ஓட்டிவந்ததோ அவள்தான். லைசென்ஸ் டெஸ்டில் அவன் ஆறு தரம் தோற்றிருந்தான்.

பாறைகளுக்கு நடுவே வண்டி நின்றது. கூட வந்த அவன் கூட்டாளிகள் மூவரும் தார்ப்பாயை விலக்கினால், அடியில் அண்டா மாதிரிப் பெரிய பிரியாணிச் செம்பும் ஒரு மூட்டை வெங்காயமும் ஒளிந்திருந்தன!

"அக்கா கைப்பக்குவம் எங்களுக்கு வருமா?" கூட்டாளிகளில் ஒருவன், விஜின், கத்தியை நீட்டினான்.

"ஏன்லே, ஒங்களுக்குக் கை இல்லியா? வார்டுல பன்னெண்டு மணிநேரம் நிக்கவ இங்கயும் நிக்கணுமோ?"

"ஒரு நாள்தானே ராணி," என்று பத்திநாதன் இழுத்தான்.

"எனக்கு இருக்கதே ரெண்டு நாள்! அதுல ஒண்ணு ஒங்க வெங்காயத்துக்கா?"

செம்பையும் மூட்டையையும் கீழே தள்ளச் சொன்னாள். நால்வரையும் அங்கேயே விட்டு வண்டியைக் கிளப்பி, வளைவு தாண்டி மேட்டில் நிறுத்தி, பின்னால் மெத்தையை விரித்துப் படுத்துவிட்டாள்.

வெயில் சாயும் நேரம் பத்திநாதன் பிரியாணித் தட்டோடு மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"கொஞ்சம் அடிபிடிச்சிட்டு..."

"வச்சிட்டுப் போங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "எந்திரிச்சாத் தின்னுக்கிடுதேன்."