ஓசிச் சாமானுக்கு வருடச் சந்தா

அரிசியைச் சும்மா அள்ளிக் கொடுத்துவிட்டு, கறிவேப்பிலைக்குக் காசு கேட்டுப் பிழைக்கிற தொழில் என்னுடையது. வெப்சைட் கட்டுகிறவர்களுக்காக பட்டன், மெனு, படிவம், பக்க அமைப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கோத்துவைத்த ஒரு சட்டகம். பெயர் 'சாரம்'. கொத்தனார் ஏறி நிற்கக் கட்டுவார்களே, அதே சாரம்தான். ஓப்பன் சோர்ஸ். யாரும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், காசு கிடையாது. தயார் டிசைன்கள் விற்பதும், சாரத்தில் கட்டிய தளங்களை வருடச் சந்தாவுக்குப் பராமரிப்பதும்தான் எங்கள் வரும்படி. வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து இதைச் செய்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்; பஸ் ஸ்டாண்டில் ரீசார்ஜ் கார்டு விற்றுப் படித்ததுதான் அதிகம். கோபம் கூடப் பிறந்தது. இதே மாதிரி தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகாக்களே, இந்த வருடம் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். 

பேனா மூடிய சத்தம்

எங்கள் பிழைப்பில் பாதி ஒரே ஒரு பார்சல் சர்வீஸை நம்பி இருக்கிறது. நெல்லையிலிருந்து நாலா திசைக்கும் லாரி விடுகிற அண்ணாச்சி அவர். புக்கிங் தளம் சாரத்தில் கட்டியது, பராமரிப்பு நாங்கள். அந்தச் சந்தா நின்றால் எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். புதுப்பிக்கும் மாதம் வந்ததும் வழக்கம்போல ஒப்பந்தத்தை நீட்டினேன்.

அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். கொஞ்சம் யோசித்தார். மூடிவிட்டார். ஏதோ கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கிறார். விலையைக் குறை என்றால் எனக்கு ஆயிரம் பதில் தெரியும். இது விலைப் பேச்சு இல்லை.  ஒப்பந்தத்தை ஓரமாக வைத்து, யோசித்துச் சொல்வதாக என்னை அனுப்புவதற்கு முன் அவர் கேட்டது: "சும்மா கெடைக்கிற சாமானுக்கா வே வருசா வருசம் என்கிட்ட துட்டு வாங்குதீரு?"

ஸ்ரீவைகுண்டம் பேரம்

அந்தக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்யாண மண்டபக்காரர் ஒருவர் வந்தார். மண்டபத்துக்குத் தளம் வேண்டும். இனி யாரும் பந்தியில் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நானே முந்திக்கொண்டேன். "ஐயா, சாரம் இலவசம். எங்க வேலைக்கு மட்டும்தான் கூலி" என்றேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. இலவசமாகத் தருகிறான் என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். டீ வந்தது, ஆறியது. நானும் விளக்கி விளக்கிப் பார்த்தேன். கடைசியில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வழி சொன்னார்: "அந்த ஓசிச் சாமானுக்கும் ஒரு விலையைப் போட்டு, அதுல பாதியைக் குறைச்சுக் குடும் வே, வீட்ல போயி சொல்லுததுக்கு ஒரு பேச்சு வேணும்லா!"

முகம் தெரியாத புகார்

சாரத்தை உபயோகிப்பவர்கள் குறை சொல்ல இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் வைத்திருக்கிறோம். அதில் எவனோ ஒருவன், எந்த நாடென்றும் தெரியாது, காட்டமாக எழுதியிருந்தான்: புது வெர்ஷன் போட்டதிலிருந்து சின்ன செல்போன்களில் கடைசி பட்டன் திரைக்கு வெளியே போய்விடுகிறது, உடனே சரிசெய்யவும். காலணா தராதவன் 'உடனே' என்கிறான்! எனக்கு வந்ததே கோபம். 'காசு குடுத்தா வாங்குனே?' என்பதை இங்கிலீஷில் எவ்வளவு கேவலமாகக் கேட்கலாம் என்று யோசித்து யோசித்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

டெய்சி வந்து கீபோர்டைப் பிடுங்கிவிட்டாள். பாளையங்கோட்டை டீச்சர் வீட்டுப் பெண். சாரத்தின் முதுகெலும்பை எழுதியவள் அவள்தான். தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பார்சல் அண்ணாச்சியின் தளம். பெயர், முகவரி எல்லாம் இருக்கிறது, 'புக் செய்' பட்டனைக் காணோம். அதற்கும் புது வெர்ஷனை நாங்கள்தான் ஏற்றியிருந்தோம். தீபாவளிச் சரக்கு ஏறுகிற சமயம் வேறு. அன்று மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. என் போன் அடிக்கும்போதெல்லாம் அண்ணாச்சியா என்று எட்டிப் பார்த்தேன். ஒருவழியாகச் சரிசெய்து ஏற்றிய பிறகுதான் டெய்சி கேட்டாள்: "அண்ணே, காசு குடுக்கிற அண்ணாச்சி கண்டுபிடிக்கதுக்கு முந்தி காசு குடுக்காதவன் கண்டுபிடிச்சிருக்கான், அவனையா திட்டப் போனீங்க?"

மெஷின் வாத்தியார்

எங்கள் தயார் டிசைன்களை வருடம் தவறாமல் வாங்குகிற ஒரு பள்ளிக்கூடத் தாளாளர் பாளையங்கோட்டையில் உண்டு. பரம சாது, பைபிள் வகுப்பு எடுப்பது போலத்தான் பேரமே பேசுவார். இந்த முறை நான் போனபோது, புதுப் பக்கங்கள் தயாராக இருப்பதாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சாரத்திலேதான் கட்டியிருந்தது. நாங்கள் கட்டவில்லை. ஏஐயிடம் கேட்டாராம், எழுதிக் கொடுத்துவிட்டதாம். நாங்கள் ஊருக்கெல்லாம் திறந்துவைத்ததை அது உட்கார்ந்து படித்திருக்கிறது. "சார், அது தப்புத் தப்பா எழுதும்" என்று குரலை உயர்த்தினேன். அவர் புன்னகை மாறாமல் சொன்னார்: "தம்பி, உங்க சாரத்தைப் பத்தி உங்களைவிட அதுக்கு நல்லாத் தெரியுது, எத்தனை தடவை கேட்டாலும் கோபமும் படமாட்டேங்குது."

பூட்டு

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. அண்ணாச்சி பதில் சொல்லவில்லை, தாளாளர் கையை விரித்துவிட்டார். ஆபீஸில் நுழைந்ததும் அறிவித்தேன்: அடுத்த வெர்ஷனிலிருந்து சாரத்துக்குப் பூட்டு. காசு கொடுத்தால் சாவி. வீட்டுக்குப் போகப் போகிற அந்த இரண்டு பேர் யார் என்று மனசுக்குள் நான் போட்டுவைத்திருந்தது எனக்கே பிடிக்கவில்லை. அதனாலேயே கூடக் கொஞ்சம் கத்தினேன்.

டெய்சி பதிலுக்குக் கத்தவில்லை. திரையில் ஒவ்வொரு பகுதியாகக் காட்டினாள். மெனு, பிரேசில்காரர் ஒருவர் எழுதி அனுப்பியது. தேதிப் பெட்டி, நாங்கள் பார்த்தேயிராத கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி செய்தது. போன வாரப் புகார்க்காரன் அந்தப் பட்டனுக்கு எங்களுடையதைவிட நல்ல வைத்தியத்தைத் தானே எழுதி அனுப்பியிருந்தான். "இதையெல்லாம் உள்ள வச்சா பூட்டப் போறோம்?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துத் தோளில் போட்டாள்: "பூட்டணும்னா இவங்க அத்தனை பேர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கண்ணே, அதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

லாரி ஆபீஸ்

ஒருவழியாக அண்ணாச்சி கூப்பிட்டார். விலையில் எதுவரை இறங்கலாம் என்று படி ஏறும்போதே முடிவுசெய்து வைத்திருந்தேன். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "உம்ம ஆபீஸை நாளைக்கே மூடிட்டுப் போயிட்டீருன்னா என் புக்கிங் என்னாவும் வே?" என்றார். நான் இல்லாவிட்டால் நாறிப்போகும் என்று அடித்துவிடத்தான் வியாபார நாக்கு துடித்தது. ஆனால் மாதக்கணக்கில் பயந்து பயந்து சலித்துப்போயிருந்தேன். வந்த எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி! எல்லாம் வெளிய திறந்துதான் கெடக்கு. வேலை தெரிஞ்ச எவனையும் கூட்டியாந்து ஓட்டிக்கிடலாம், போதுமா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு பேர் வேலையை என் வாயாலேயே தின்றுவிட்டேன்.  அண்ணாச்சி பழைய கதை ஒன்றைச் சொன்னார். முன்னால் பில் போட ஒருவர் புரோகிராம் எழுதிக் கொடுத்தாராம். முழுக்க அவர் பூட்டுக்குள். ஒருநாள் ஆள் துபாய்க்குப் போய்விட்டார், பாஸ்வேர்டும் கூடவே போய்விட்டது. "எந்தச் சரக்கு எந்த ஊருக்குன்னு தெரியாம, வாழைத்தாரு அங்கன கிட்டங்கியில கெடந்து அழுகுச்சு வே" என்று பின்னால் இருந்த குடோனைக் காட்டினார். ஓரமாகக் கிடந்த என் ஒப்பந்தத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீரு நாளைக்கே மண்டையப் போட்டாலும் என் லாரி நிக்காதுல்லா, பெறவு உமக்குத் துட்டு குடுக்க எனக்கு என்ன வே பயம்?"

ஆக, நான் இல்லாவிட்டாலும் எல்லாம் நன்றாகவே நடக்கும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் எனக்கு வருடாவருடம் சம்பளம் தருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, இதற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருக்கிறேன்.