ஜெட்டின் வயிற்றுப் பக்கம்

பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒட்டுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் என் பெயரைச் சொன்னால் கொஞ்சம் நடுங்குவார்கள். புதிதாக ஒரு விமானத்தின் பாகப் பெட்டி விற்பனைக்கு வந்தால் அதை வாங்கி ஒட்டி, அளவு உண்மை விமானத்தோடு ஒத்துப்போகிறதா, பாகங்கள் ஒழுங்காகப் பொருந்துகின்றனவா என்று எழுதுவது என் பொழுதுபோக்கு. பிழைப்பு, கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. பொருத்தத்தைச் சோதிக்க என்னிடம் உள்ள ஒரே கருவி அம்பிட்டிய பஸ் டிக்கெட்தான். இறக்கை உடலோடு சேரும் இடுக்கில் டிக்கெட் நுழைந்துவிட்டால், செய்த கம்பெனிக்காரனைப் பிடிபிடியென்று பிடித்துவிடுவேன்.

நான் கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன். மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. கல்யாணமான புதிதில், "விளையாட்டுச் சாமான் வாங்கிற வயசே உங்களுக்கு?" என்று சிரித்தாள். பிறகு பழகிவிட்டாள். அலுமாரியின் மேல்தட்டில் நிற்கும் பயணிகள் விமானங்களுக்குத் தூசி தட்டுவதும் அவள்தான்.

ஆனால் ஒரு ஜெட்டை மட்டும் நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. கூர்மூக்கும் முக்கோண இறக்கையும் உள்ள குண்டுவீச்சு விமானம் அது. அவள் சிறுமியாக இருந்தபோது, யுத்த காலத்தில், அவள் ஊருக்கு மேல் பறந்தது. அங்கே அதற்கு ஒரு பெயர் உண்டு. பதினான்கு வருடங்களில் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பயம்.

போன வருடம் குழுவினர் அதே ஜெட்டின் பெட்டியை அனுப்பி, நீங்கள் எழுதினால்தான் நம்புவோம் என்றார்கள். புகழ்ச்சி யாரை விட்டது? அவள் வெளியே போகும் நேரம் பார்த்து ஒட்டினேன். அவள் வரும் சத்தம் கேட்டால் செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அவள் பார்த்தால் என்ன ஆவாள் என்று நினைக்காத நாளில்லை. ஆனாலும் ஒட்டினேன்.

ஒரு பௌர்ணமி போயா விடுமுறையில் கோயிலுக்குப் போனவள், மழை வலுத்ததால் பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் ஜெட் நின்றது. பக்கத்தில் நான், கையில் பஸ் டிக்கெட்டோடு.

"எடுத்து வச்சிடுறேம்மா. நாளைக்கே யாருக்காவது குடுத்துடுறேன்."

அவள் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஜெட்டை எடுத்தாள். கதிரையில் உட்கார்ந்தாள். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் நான் எந்த விமானத்தையும் அப்படிப் பார்த்ததில்லை.

"இது பிழை," என்றாள்.

"எது?"

"இறக்கைக்குக் கீழை இருக்கிற இந்த ரெண்டு எண்ணெய்த் தாங்கியும். இவ்வளவு கிட்டக் கிட்ட வராது. இன்னும் வெளியாலை தொங்கும்."

வழிகாட்டித் தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். பதினான்கு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பங்கர்க் குழிக்குள்ளை ஓட நேரமில்லாட்டி, நிண்ட இடத்திலையே குப்புறப் படுக்கச் சொல்லுவினம். எல்லாரும் குப்புறப் படுப்பினம். நான் மட்டும் மல்லாக்கப் படுப்பன். நான் பார்த்துக்கொண்டு கிடந்தால் எங்கடை பக்கம் போடமாட்டாங்கள் எண்டு ஒரு நினைப்பு. பிறகு அம்மா அடிப்பா."

"பயமா இருக்கலையா?"

"பயம்தான். கண்ணை மூடினால் இன்னும் பயம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கையிலிருந்த டிக்கெட்டை மேசையில் வைத்தேன். ஒரு சின்னப் பிள்ளை மண்ணில் மல்லாந்து கிடந்து, தன் கண்ணாலேயே ஊரைக் காவல் காத்திருக்கிறது. என்னிடம் இருந்த படங்களிலோ அந்த விமானம் ஓடுபாதையில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு இணையத்தில் தேடினோம். பறக்கும்போது கீழேயிருந்து எடுத்த படம் ஒன்று கிடைக்கவே நெடுநேரமானது. அவள் சொன்னதுதான் சரி. தாங்கிகளைக் கழற்றினேன், பழைய துளைகளை அடைத்தேன். புதிய இடத்தை அவள் விரலால் காட்டினாள். "இன்னும் கொஞ்சம். ஓம், அதிலை." குழுவில் எழுதும்போது, வயிற்றுப் பக்கத்தை என் மனைவி திருத்தித் தந்தாள் என்று மட்டும் எழுதினேன். எப்படித் தெரியும் என்று பலர் கேட்டார்கள். நான் பதில் போடவில்லை.

ஒட்டி முடிந்ததும், குண்டசாலையில் இருக்கும் கூட்டாளிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"ஏன்? இருக்கட்டும்."

மற்ற விமானங்களோடு வைக்கலாம் என்று அலுமாரியின் மேல்தட்டுக்கு அதைத் தூக்கினேன். என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். முழங்கால் உயரக் கீழ்த்தட்டில் இருந்த பழைய பத்திரிகைகளை எடுத்துத் தரையில் போட்டு, அந்த இடத்தைத் தன் கையாலேயே துடைத்தாள்.

"இதிலை வையுங்கோ," என்றாள். "நான் அதை ஒருநாளும் மேலையிருந்து பார்த்ததில்லை."