பூங்கா மேடையைப் பற்றி அப்பா சொன்னது

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எதையும் வரிசைப்படுத்தி எழுதியே எனக்குப் பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது வேப்பந்தட்டை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர், கிளாரினெட் கற்று அரியலூரில் ஒரு பேண்டு செட்டில் சேர்ந்தார். அந்த ஊரில் ராட்டினமும் குட்டி ரயிலும் ஓடிய தனியார் பூங்கா ஒன்றின் நடுவே, எட்டுத் தூண்கள் தாங்கிய காங்கிரீட் கூரையுடன் வட்ட மேடை ஒன்று இருந்தது. ஞாயிறு மாலைகளில் அங்கேதான் வாசிப்பு. அம்மா வீட்டார் மாப்பிள்ளை பார்த்ததே அந்த மேடைக்குக் கீழே நின்றுதான். பிறகு ஒலிபெருக்கியில் கேசட் பாட்டு வந்தது, பேண்டை நிறுத்திவிட்டார்கள். அப்பா அங்கேயே ராட்டினம் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். மேடையை மட்டும் விடவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் கூரையின் அடிப்பக்க விரிசல்களில் சிமெண்ட் பூசி, அதன் மேல் சுண்ணாம்பு அடிப்பார்.

"ஏங்க, நம்ம வூட்டுச் சுவத்துக்கும் கொஞ்சம் அடிக்கிறது" என்பார் அம்மா.

"மிச்சம் இருந்தா பாப்போம்."

மிச்சம் இருந்ததே இல்லை.

நான் சிவில் டிப்ளமோ முடித்து ஓர் இன்ஜினியர் ஆபீசில் சேர்ந்தேன். மேடையைச் சோதிக்கச் சொல்லிப் பூங்கா உரிமையாளர் எங்கள் ஆபீசைக் கேட்டார். நான்தான் போனேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். கூரையின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினேன். பல இடங்களில், உள்ளே கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பொள்ளலாகிப் போனது போலச் சத்தம் வந்தது. ஆறு குறைகளைக் குறித்து, ஏழாவதாக ‘இடித்துவிடலாம்’ என்று எழுதினேன்.

"வேற வழியே இல்லையாம்மா?"

"இல்லப்பா. ஆளு மேல விழுந்துடும்."

"அப்ப சரி. நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

இடிக்கத் தொடங்கிய அன்று, பாதிக் கூரை போன பிறகு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டைக் காட்டினார். "ஏம்மா, காங்கிரீட்டு கல்லாட்டம் இருக்கு. மேல பூசுன பூச்சுதான் விட்டிருக்கு. சொரண்டிப் பாக்கலியா?"

அப்பா ஆண்டுதோறும் பூசிய பூச்சு அடுக்கடுக்காகக் கழன்றிருந்தது. அந்தச் சத்தத்தைத்தான் நான் கூரையின் சத்தம் என்று எழுதியிருக்கிறேன். சுரண்டிவிட்டுத் தட்ட வேண்டும் என்பது படிப்பில் முதல் பாடம்.

அப்பா மேஸ்திரியைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். என்னிடம், "யாருகிட்டயும் மூச்சு வுடாத. வேலைக்குப் போயி ஆறு மாசம்கூட ஆகல" என்றார். அதன் பின் கல்யாணம், காதுகுத்து என்று போன இடமெல்லாம், "கம்பி பூரா துருப்புடிச்சுக் கெடந்துச்சுங்க. எம் பொண்ணு கண்டுபுடிக்கலன்னா நாலு உசுரு போயிருக்கும்" என்றார். பொய் பேசாதவர் சொன்னதால் நீங்களும் நம்பினீர்கள். பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி நாட்களில் மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோதெல்லாம், "அந்த மாத்திரைய எடும்மா" என்பார். கேட்காமலே போயிற்று.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற பூங்கா ஊழியர்களுக்கும், இரவு பகலாக உடனிருந்த சித்தப்பாவுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், இன்றுவரை வாய் திறக்காத மேஸ்திரிக்கும் எங்கள் நன்றி.

அப்பா உங்களிடம் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும் உண்டு. அந்தக் கம்பிகள் துருப்பிடிக்கவில்லை. மேடையை அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். தவறு என்னுடையது.

– மகள்