பதினைந்து நிமிடம் முன்னால்

என் மனைவியின் போன் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தக்கூடாது என்று எங்கள் வீட்டுக் கடிகாரம் எல்லாம் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். போன் மட்டும் தானாகச் சரியான நேரத்துக்குத் திரும்பிவிடும். அது பிடிக்காமல், தானாகத் திருத்திக்கொள்வதை அதில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அவளுக்கு வலிப்பு நோய், அதோடு மறதியும். மாத்திரை வேளை தவறக்கூடாது. கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அவள் தம்பி, வேளைக்கு மணி அடிக்கும் ஆப் ஒன்றை எழுதி, சோதித்துப் பார்க்கத் தன் லேப்டாப்பிலும், பிறகு அவள் போனிலும் போட்டான். செகந்திராபாத் வீட்டில் அவள் நான்காவது தோசையை வைக்க, நக்கோ நக்கோ, வேண்டாம் என்று தட்டை மறைத்துக்கொண்டே அவன் சொன்னது காதிலேயே நிற்கிறது. "கடிகாரத்த யாரு வேணா மாத்திடலாம் அத்தான். அதனால லேப்டாப்புல, கழிஞ்ச நேரத்த எண்ண வச்சிருக்கேன். போன்ல அது முடியல. போன் தூங்கினா எண்றதும் நின்னுடுது. அங்க கடிகாரத்தத்தான் நம்பணும்." "போனும் உங்க அத்தான் மாதிரிதானா, பேசிட்டிருக்கும்போதே தூங்கிடுமா?" என்று அவள் சிரித்தாள். மாத்திரை நேரம் எழுதியிருந்த தாளை அன்றே கிழித்துப் போட்டோம்.

ஒரு மழை நாளில் கரண்ட் போய், சார்ஜ் தீர்ந்து போன் அடியோடு அணைந்தது. மறுபடி உயிர் வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைத் திருத்தினேன். தேதியைப் பார்க்கவில்லை. அது பல வருடம் பின்னால் போயிருந்தது. அடுத்த மாத்திரைக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது என்று அந்த ஆப் பேசாமல் இருந்துவிட்டது. சனத்நகர் பட்டறையில் எனக்கு இரட்டை ஷிப்ட். மணி அடித்திருக்கும், சாப்பிட்டிருப்பாள் என்று நானும், மணி அடிக்கவில்லையே, நேரமாகவில்லை என்று அவளும் இருந்தோம். மூன்றாம் நாள் காலை குளியலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தேதி என் கண்ணில் பட்டது. அதைச் சரியாக்கினேன். தானாகத் திருத்துவதையும் திரும்பப் போட்டேன். பிறகுதான் மைத்துனன் போனைக் கேட்டு வந்தான், கொடுத்தேன்.

அவன் வேலையை விட்டுவிட்டான். அந்த ஆப்பை எத்தனையோ போன்களில் போட்டுப் பார்க்கிறான். "எல்லாத்துலயும் அடிக்குது அத்தான். அக்காவுக்கு மட்டும் ஏன் அடிக்கல? நான்தான் எங்கயோ தப்பா எழுதிட்டேன்." கர்த்தரிடம் தினமும் அழுது சொல்கிறேன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவனுக்குச் சொல்லாததைக் கர்த்தர் எப்படி மன்னிப்பார்?

நேற்றும் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "இன்னொரு தடவ அந்தப் போனத் தாங்க அத்தான்" என்றான். எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். எங்கள் வீட்டில் இப்போது சரியான நேரம் காட்டுவது அது ஒன்றுதான்.