நட்டு திருகிய ஜீப்காரர்

ஜமுனாமரத்தூரிலிருந்து திருப்பத்தூர் இறங்கும் பேருந்தில் ஒருவர் தன் மனைவியோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். முரட்டு மீசை, மடித்துக் கட்டிய கைலி. முழங்காலுக்குக் கீழே சதையைத் துளைத்த கம்பிகள், அவற்றைச் சுற்றி இரும்பு வளையங்கள். மலையில் ஜீப் ஓட்டுகிறவராம். முறிந்த எலும்பில் சீழ் பிடித்து, கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். வளையத்து நட்டைத் தினமும் துளித்துளியாகத் திருகினால் மீதி எலும்பில் ஒரு துண்டு மெல்ல நகர்ந்து அந்த இடைவெளியை அடைக்கும். அது விட்டுவந்த இடத்தில் புது எலும்பு வளரும். இதையெல்லாம் படித்திருந்த என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, மீசை முறுக்குகிற தோரணையில் ஒரு நட்டை முறுக்கினார்.

"அண்ணா, கொஞ்சங்கொஞ்சமாத்தானே திருகச் சொல்லியிருப்பாங்க?"

"அவங்க சொல்றபடி போனா என் ஜீப்பு துருப்புடிச்சிடும் தம்பி. ஒரு வாரத்து திருகல ஒரே நாள்ல முடிச்சிட்றேன்."

"எலும்பு வளர நேரம் வேணாங்களா?"

"இன்னாப்பா நீ! நட்டப் பத்தி எனக்கே சொல்றியா? அந்த டாக்டரு என்னிக்காவது ஜீப்புக்கு அடியில படுத்திருக்காரா?"

"போன தடவ எடுத்த எக்ஸ்ரே படத்துல ஒண்ணுமே வளரல," என்றார் மனைவி. "இன்னிக்கும் வளரலன்னா மறுபடி மொதல்லருந்து அறுப்பாங்களாம்."

"படம் எடுக்குற மிஷினு சரியில்லடி!"

கொண்டை ஊசி வளைவில் பேருந்து சீறித் திரும்பியது.

"யோவ் டிரைவரு! இன்னா அவசரம்? நிதானமா போய்யா!" என்று கத்தியவர், என்னிடம் குனிந்து, "யாருக்கும் பொறுமையே இல்ல தம்பி," என்று வருத்தப்பட்டார். பிறகு அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைய படத்தில் என்ன தெரிந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.