கழற்றி வைத்த கால்

ராணுவப் பயிற்சியில் வண்டி கவிழ்ந்து என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. போர் இல்லை, குண்டு இல்லை; மழையில் வழுக்கிய ஒரு வண்டி. தேக்கா சந்தையில் தெரிந்தவர்கள் "என்னாச்சு சார்ஜண்ட்?" என்று கேட்டால் சொல்லக் கூசும். அதனால் அந்தச் சந்தை இருக்கும் லிட்டில் இந்தியா பக்கம் போவதையே விட்டேன். வீட்டிலும் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டுதான் செயற்கைக் காலைக் கழற்றுவேன். விளக்கை அணைத்த பிறகுதான் படுக்கைக்கு வருவேன். விபத்துக்குப் பிறகு மனைவி என் காலைப் பார்த்ததே இல்லை. முதலில் கேட்டாள், நான் எரிந்து விழுந்ததும் கேட்பதை விட்டுவிட்டாள்.

மருத்துவமனையில் வற்புறுத்தியதால் தெம்பனிஸில் ஒரு விளையாட்டு அரங்குக்குப் போனேன். நோயிலும் விபத்திலும் முடங்கிய ராணுவத்தினர் அங்கே தரையில் உட்கார்ந்தபடி கைப்பந்து ஆடினார்கள். நான் முழுக்கால் சட்டையோடு காலை நீட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த ஒரு பெண். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர். தலையில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்க கால் இடிக்குது லா. கழட்டி ஓரமா வைங்க," என்றார்.

எல்லார் முன்னாலும் கழற்றினேன். வியர்வையில் ஒட்டியிருந்த உறையை உரித்தபோது வாடை வந்தது. முகம் எரிந்தது. அதற்குள் பந்து வந்துவிட்டது. கையால் தரையைத் தள்ளிச் சறுக்கிப் போய் எடுத்தேன். விபத்துக்குப் பிறகு அன்றுதான் மூச்சிரைக்கச் சிரித்தேன்.

நிமிர்ந்தால் வாசலில் மனைவி. வேலை சீக்கிரம் முடிந்து, என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதறிப்போய்த் துண்டால் மூடினேன்.

எம்ஆர்டி ரயிலில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அத்தன பேருக்கும் காட்டுனீங்க. நான் மட்டும் வேத்தாளா?"

"உனக்கு அருவருப்பா இருக்கும்னு..."

"அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?"

காலுக்காக நான் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சோபாவில் உட்கார்ந்து, கால்சட்டையை மடித்து, அவள் முன்னாலேயே காலைக் கழற்றினேன். அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"செவந்திருக்கே. எரியுதா?"

"கொஞ்சம்."

ஈரத்துணி கொண்டுவந்து ஒற்றினாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

வெளியே யாராவது உற்றுப் பார்த்தால் எனக்கு இன்றும் கூசத்தான் செய்கிறது. ஆனால் இப்போது சனிக்கிழமை ஆட்டங்களுக்கு அவளும் வருகிறாள். நான் பந்தைக் கோட்டைவிட்டால் அரங்கத்திலேயே அவள் குரல்தான் பெரிதாகக் கேட்கும்.