முனியம்மாவின் தமிழ்ப் பத்திரம்

இன்று வருமானச் சான்றிதழுக்காக எம்.ஆர்.ஓ. ஆபீஸ், அதாவது ஆந்திராவின் தாலுகா ஆபீஸ், போயிருந்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால் முனியம்மா. பிச்சாட்டூர் பக்கம் கூலி வேலை செய்கிறவர். கையில், தமிழ்நாடு-ஆந்திரா எல்லை பிரிப்பதற்கு முன்பு தமிழில் எழுதிய நிலப் பத்திரம். புதிதாக அளந்தபோது அந்த அரை ஏக்கர் வேறொருவர் பெயரில் ஏறிவிட்டதாம்.

அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அரவம் நாகு ராதம்மா, நுவ்வே செப்பு" என்றார். தமிழ் தனக்கு வராது, நீயே சொல் என்று.

வரிசையில் என்னிடம் தமிழும் தெலுங்குமாகப் பேசிக்கொண்டே வந்த முனியம்மா, அங்கே வாயே திறக்கவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சங்கப் பாடல்களில் தலைவிக்காகத் தோழிதான் பெரும்பாலும் பேசுவாள். அதற்குக் காரணம் வெட்கம் என்றுதான் இத்தனை வருடமும் வகுப்பில் சொல்லி வந்தேன். இழந்துவிடுவோமோ என்ற பயத்திலும் குரல் அடைத்துப்போகும் என்பது இன்றுதான் புரிந்தது.

பத்திரத்தை வாங்கி, நான்கு எல்லைகளையும் தெலுங்கில் சொன்னேன். அதிகாரி குறித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சர்வேயரை அனுப்பி மறுபடி அளக்கச் சொல்வதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் முனியம்மா கேட்டார்: "பத்திரத்துல நாலு வரிதான கீது. நீ அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தியே, இன்னாம்மா சொன்ன?"

"வரிசையில சொன்னீங்களே, மூணு தலைமுறையா நீங்கதான் உழுறீங்கன்னு, அதையும் சேத்து சொன்னேன்."

"அதான்மா எனுக்கு வாயில வரல."

என்னிடம் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் விடையைத் திருத்திக்கொள்ளுங்கள். வெட்கம் என்று எழுதி வாங்கிய மார்க்கைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.